செட்டிநாட்டில் தனியாகத் தங்க எந்த ஊர் சரிப்படும்?

"மூணு நாள் செட்டிநாடு, தனியாத்தான் போறேன். ரூம் காரைக்குடியில போடவா, கானாடுகாத்தான்ல போடவா?" இப்படிக் கேட்பவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில் தேக்குத் தூண், முற்றம், பூப்போட்ட தரை. வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். இன்னொன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ். வாடகை கைக்கு அடக்கம், ஆனால் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும்.

படங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஊரில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் என்ன நடக்கும் என்று பாருங்கள். பகலில் செட்டிநாட்டில் எங்கே தங்கினாலும் ஒன்றுதான். ஊர்கள் பக்கம் பக்கம், தரை சமதளம், சாலையும் பரவாயில்லை. இருட்டிய பிறகுதான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரியும். கூட ஆள் இருந்தால் அதைச் சமாளித்துவிடலாம். தனியாக வருபவருக்குத் திரும்பும் வண்டி, ராத்திரிச் சாப்பாடு, தெருவில் மனித நடமாட்டம் மூன்றும் அந்த நேரத்தில் ஒன்றாகக் கேள்விக்குறி ஆகும்.

## பெயரால் வரும் குழப்பம்

செட்டிநாடு என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அந்தப் பெயரில் நகரம் கிடையாது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 இருந்தன என்பார்கள். இப்போது எழுபத்தைந்து வரை கணக்குச் சொல்கிறார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. ஆகவே 'செட்டிநாடு' என்று தேடி அறை போட்டால், அது காரைக்குடிக்குள்ளும் இருக்கலாம், திருமயம் பக்கத்தில் கடியாபட்டியிலும் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் ஊர்ப் பெயரையும் மாவட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். தேவகோட்டை ரஸ்தா என்ற ரயில் நிலையம் தேவகோட்டை ஊருக்குள் இல்லை. பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. தேவகோட்டை போகிறவர் காரைக்குடியில் இறங்கிப் பஸ் பிடிப்பதே மேல். அடுத்து திருப்பத்தூர். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருப்பது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். ஜோலார்பேட்டையை ஒட்டி இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது, அது தனி மாவட்டமே. பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டால் தமிழ்நாட்டின் வேறொரு மூலையில் இறங்க வேண்டிவரும்.

## எதையெல்லாம் பார்த்து எடைபோடுவது

திரும்பும் வழி. கிராமங்களுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. ஒரு வண்டி போனால் அடுத்த வண்டிக்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். போகும்போதே கண்டக்டரிடம் "அண்ணே, திரும்பிவர கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வைப்பது இங்கே நல்ல பழக்கம். கைபேசிச் செயலியில் கூப்பிட்டால் வாசலுக்கு வண்டி வரும் என்று சென்னையை மனதில் வைத்து வர வேண்டாம். இங்கே தெரிந்த ஆட்டோக்காரரின் எண்தான் செயலி.

ஒற்றை ஆள் செலவு. பெரும்பாலான அறைகள் இருவருக்குப் போடப்பட்டவை. ஒருவர் தங்கினாலும் முழு வாடகை. கார் வாடகையும் தலைக்கு இல்லை, வண்டிக்கு. நான்கு பேர் பிரித்துக்கொள்ளும் தொகையை ஒருவரே கொடுக்க வேண்டும். எனவே அறை வாடகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அறை, வண்டி, ராத்திரிச் சாப்பாடு மூன்றையும் கூட்டி ஒப்பிட வேண்டும்.

சாப்பாடு. செட்டிநாட்டுச் சமையல் என்று ஆசையோடு வருபவர்கள் மறந்துபோகும் விஷயம், அது மதியச் சாப்பாடு என்பது. கறிக்குழம்பும் வறுவலும் இலையில் விழுவது மத்தியானம் ஒரு மணி வாக்கில். ராத்திரியில் இட்லி, இடியாப்பம், பரோட்டாதான் பெரும்பாலும். அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது.

வந்து இறங்கும் நேரமும் கிளம்பும் நேரமும். சென்னையிலிருந்து வரும் பல்லவன் விரைவு ரயில் எழும்பூரில் பிற்பகலில் புறப்பட்டு இரவு பத்து மணிக்கு மேல் காரைக்குடியில் இறக்கிவிடும். திரும்பும்போது விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். ராமேசுவரம் பக்கம் போகும் இரவு வண்டிகள் சில நடுச்சாமத்துக்கு மேல் காரைக்குடியைத் தொடும். உங்கள் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை முதலில் பாருங்கள். பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

வரவேற்பு. தனியாக வரும் பெண்ணுக்கும், சில இடங்களில் தனி ஆணுக்கும்கூட, லாட்ஜ்களில் "சிங்கிளுக்கு ரூம் இல்லை" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. கோயில் ஊர்களில் இது அதிகம். சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது, ஆனால் பெட்டியோடு வாசலில் நின்று வாதாடும் நிலைமை யாருக்கும் வேண்டாம். முன்பே போன் போட்டு "நான் ஒருத்திதான் வர்றேன்" என்று சொல்லி, பதிலை வாட்ஸ்அப்பிலும் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

## காரைக்குடி: புதிய பேருந்து நிலையமும் நூறடிச் சாலையும்

இரவு பத்தரைக்கு இறங்குபவருக்கு வேறு யோசனை வேண்டாம், இந்தப் பகுதிதான். லாட்ஜ்கள், குளிர்சாதன அறைகள், ராத்திரிக் கடைகள், ஏடிஎம், மருந்துக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். மதுரை, திருச்சி, ராமநாதபுரம் போகும் பஸ்களும் சுற்றியுள்ள கிராமங்களுக்கான டவுன் பஸ்களும் கிடைக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 முதல் இருக்கும் திட்டம் இது. தனியாக வரும் பெண்ணுக்குக் கானாடுகாத்தானும் குன்றக்குடியும் போய்வர ஆகும் செலவு இதனால் பெருமளவு குறைந்துவிடும்.

கெட்டது சத்தம். விடியுமுன்பே ஹாரன் தொடங்கிவிடும். ரோட்டைப் பார்த்த அறை கிடைத்தால் நாலரைக்கு மேல் தூக்கம் இல்லை. "ரோடு பக்கம் வேண்டாம், பின்பக்க ரூம், ரெண்டாவது மாடிக்குக் கீழே" என்று கேட்டு வாங்க வேண்டும். மேல் மாடி ஏன் வேண்டாம் என்றால், சித்திரை வைகாசியில் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே விடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஏசி ஓடியபடியே இருக்கும், குளிர் மட்டும் வராது.

இங்கே மறைந்திருக்கும் செலவு முகூர்த்த நாள். காரைக்குடியில் திருமண மண்டபங்கள் நிறைய. கல்யாண வீட்டுக்காரர்கள் உறவினர்களுக்காக லாட்ஜை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் அறை போடும் முன் வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்தமாக இருந்தால் அறை கிடைப்பதே சிரமம், கிடைத்தாலும் பேரம் நடக்காது.

நேரக் கணக்கையும் கேளுங்கள். லாட்ஜ்களில் இரண்டு முறை உண்டு: நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், அல்லது மத்தியானம் 12 மணிக்குக் காலி செய்வது. ராத்திரி பதினொன்றுக்கு நுழைபவருக்கு 24 மணி நேரக் கணக்கு பெரிய லாபம். மறுநாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து குளித்துக் கிளம்பலாம். 12 மணிக் கணக்கில் அதே வாடகைக்குப் பாதி நாள்தான் கிடைக்கும்.

## காரைக்குடி: கல்லுக்கட்டி, செக்காலை, பழைய ஊர்

தனியாக வருபவருக்கு இந்தப் பகுதியை முதலில் சொல்வேன். கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றிய கல்லுக்கட்டிப் பகுதியில் ராத்திரி எட்டு மணிக்கும் தெருவில் ஆட்கள் நடமாடுவார்கள். பாத்திரக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை, கோயிலுக்கு வந்து போகிறவர்கள். தனியாக நடந்து போவதில் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. முனீஸ்வரன் கோவில் வீதியில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப் படம், பர்மா அரக்குப் பெட்டி, பழைய வீடு இடிபட்ட இடத்திலிருந்து வந்த நிலைக்கதவு என்று குவிந்து கிடக்கும். ஒரு கடைக்குள் நுழைந்தால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. அவசரப்படுத்த யாரும் இல்லாத தனிப் பயணிக்கு ஏற்ற இடம்.

பழைய நகரத்தார் வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. இந்தத் தெருக்களிலேயே நிறைய உண்டு. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், அதே வீட்டின் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடக்க நடக்கக் கண்ணுக்குப் பிடிபடும்.

குறை என்றால் தங்குமிடங்கள் குறைவு, இருப்பவற்றிலும் தரம் ஒரே மாதிரி இல்லை. பழைய லாட்ஜ்களில் அறையைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியவை நான்கு: கதவின் உள்தாழ்ப்பாள் இறுகப் பூட்டுகிறதா, குளியலறை ஜன்னலில் கம்பி இருக்கிறதா, குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிறதா, கட்டில் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா. தேவகோட்டைச் சாலைப் பக்கம் பாரம்பரிய விடுதியும் உண்டு. அங்கே தங்காதவரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். வாடகைக்குப் பணம் இல்லை, சமையலையாவது ருசிக்க வேண்டும் என்பவருக்கு அது நல்ல வழி.

ஆட்டோவுக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேச வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து நள்ளிரவில் கேட்கும் தொகை பகல் தொகையாக இருக்காது. தங்குமிடத்தாரிடமே "எவ்வளவு கொடுக்கலாம்?" என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

## கானாடுகாத்தான்

எல்லோரும் படத்தில் பார்த்து மயங்கும் ஊர் இதுதான். நேர்கோட்டுத் தெருக்கள், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இங்கே இருக்கிறது; உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நம்பி வர வேண்டாம். வேறு சில வீடுகளில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு முன்கட்டு வரை அனுமதிப்பார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன்பே பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றும் வேலை இங்கே நடந்து வந்தது.

காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். செட்டிநாடு ரயில் நிலையம் மிக அருகில்தான், ஆனால் எல்லா விரைவு வண்டியும் அங்கே நிற்பதில்லை. நின்றாலும் ராத்திரியில் வாசலில் ஆட்டோ இருக்கும் என்று சொல்ல முடியாது. இருட்டிய பின் வந்து சேர்பவர் விடுதிக்காரரிடம் சொல்லிக் காரைக்குடிக்கே வண்டி வரச் சொல்ல வேண்டும். அது ஒரு தனிச் செலவு.

இங்கே தங்குவதன் அருமை காலை ஆறு மணிக்குத் தெரியும். வெயில் ஏறுமுன் தெருவே உங்களுடையது. வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், சுதைச் சிற்பங்களின் மேல் சாய்வாக விழும் வெளிச்சம், ஊருணிக் கரையில் ஒன்றிரண்டு பேர். சில தங்கும் வீடுகளில் சைக்கிள் தருவார்கள். கார் இல்லாமல் ஊரைச் சுற்ற இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆத்தங்குடியும் இங்கிருந்து பக்கம், பத்து கிலோமீட்டர் வாக்கில். பூப்போட்ட தரை ஓடு செய்யும் பட்டறைக்குக் காலையிலேயே போனால்தான் முழு வேலையும் பார்க்கக் கிடைக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சைப் பதித்து, சிறு கரண்டியால் அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் கலக்காமல் பூ அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும், பிறகு ஈரக் கலவை, கரணையால் ஒரு தட்டு. கண்ணாடியை ஒட்டிக் கிடந்த பக்கம்தான் தரையின் மேற்பக்கமாக வரும். ஓட்டின் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பின்பு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் போனால் அடுக்கி வைத்த ஓடுகள்தான் பார்க்கக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

இனி சாயங்காலம். இந்த வீடுகளில் பெரும்பாலானவை வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணம், நோன்பு, கோயில் காரியம் என்றால் வருவார்கள். ஆகவே ஏழு மணிக்குத் தெருவில் இறங்கினால் இருபுறமும் நீண்ட திண்ணைகளும் பூட்டிய கதவுகளும்தான், ஜன்னலில் வெளிச்சம் தெரியும் வீடு ஒன்றோ இரண்டோ. ஆபத்தான ஊர் என்று சொல்லவில்லை, அமைதியான ஊர். ஆனால் தெருநாய்கள் இருக்கும், விளக்கு எல்லா இடத்திலும் இருக்காது, நடந்துபோய்ச் சாப்பிடக் கடை தேட முடியாது. தனிமையை விரும்பி வருபவருக்கு இது வரம். பேச்சுத்துணைக்கு ஏங்குபவருக்கு இரண்டாவது ராத்திரி நீளமாக இருக்கும்.

அறையைப் பற்றியும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அறையோடு ஒட்டிய குளியலறை என்ற எண்ணமே இல்லை. பின்னால் சேர்த்தவைதான் எல்லாம். அதனால் சில வீடுகளில் குளியலறைக்குப் படி ஏறி இறங்க வேண்டும், சில இடங்களில் முற்றத்தைக் கடக்க வேண்டும். நிலைப்படி உயரம், கதவின் தலை தாழ்வு. ராத்திரி எழுந்தால் கால் தடுக்கும் அல்லது நெற்றி இடிக்கும். சுவர் கனம் அதிகம் என்பதால் கீழ்த்தள அறை கோடையிலும் குளுமையாக இருக்கும், அதே சுவர் கைபேசி சிக்னலையும் தடுத்துவிடும். வேலையை மடிக்கணினியில் பார்க்க வேண்டியவர் அறைக்குள் வைஃபை எடுக்கிறதா, முகப்பில் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் குறைவாக இருக்கும் நாட்களில் அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் மட்டுமே தங்க நேரிடலாம். ராத்திரி வீட்டுக்குள் யார் இருப்பார்கள், அவர் வீட்டின் எந்தப் பகுதியில் படுப்பார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணக் கணக்கில் 7,500 ரூபாய் என்ற எல்லையை நினைவில் வையுங்கள். ஒரு நாள் வாடகை அதற்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ஆகும். 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் 600 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,670. அந்த வகை விடுதிகளில் சாப்பாட்டு பில்லுக்கும் 18 சதவீதம் வரக்கூடும். வெளியே சாப்பிடக் கடை இல்லாத ஊர் என்பதால் மூன்று வேளையும் அங்கேயேதான். அறை விலையில் காலை உணவு மட்டும் சேர்ந்திருக்கிறதா, ராத்திரிச் சாப்பாடும் சேர்ந்ததா என்பது அந்தத் தொகையையே மாற்றிவிடும்.

கோத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் இருக்கும் பாரம்பரிய விடுதிகளுக்கும் இதே கணக்குதான். அவை கானாடுகாத்தானைவிட இன்னும் ஒதுக்குப்புறம். கடியாபட்டிக்கு ஒரு வசதி உண்டு: திருமயம் கோட்டையும், அங்கே குன்றைக் குடைந்து எடுத்த சிவன், பெருமாள் கோயில்களும் அருகில்.

## பிள்ளையார்பட்டி, குன்றக்குடி

சாமி கும்பிட வருபவருக்குச் சரியான இடம். பிள்ளையார்பட்டியில் குடைவரையில் இருக்கும் கற்பக விநாயகரை விடியற்காலைக் கூட்டமில்லாத நேரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே தங்குவதில் அர்த்தம் இருக்கிறது. குன்றக்குடி மலைக்கோயிலும் பக்கத்திலேயே. சாப்பாடு சைவம்தான், செலவும் குறைவு. மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வரை ஊர் ஓய்ந்து கிடக்கும். ராத்திரி நடை சாத்திய பிறகும் அப்படியே.

சதுர்த்தி, சங்கடஹர சதுர்த்தி, ஜனவரி 1, தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய நாட்களில் அறை கிடைக்காது, சாலையிலும் நகர முடியாது. தைப் பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் அன்றும் இந்தச் சாலையில் பஸ்ஸை நம்ப வேண்டாம். அறைகள் குடும்பங்களை மனதில் வைத்தவை. தனி ஆளுக்கு மறுப்பு வரக்கூடிய இடம் இது என்பதால் போனில் உறுதி வாங்காமல் போகாதீர்கள். மற்றபடி காரைக்குடியிலிருந்து 13 கிலோமீட்டர்தான். தரிசனம் மட்டும் நோக்கம் என்றால் காலை பஸ்ஸில் வந்து போவதே போதும்.

## தேவகோட்டை

நகரத்தார் வீடுகள் நிறைந்த பெரிய ஊர், பயணிகள் கூட்டம் இல்லை, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தொண்டி கடற்கரை, திருவாடானை, ராமநாதபுரம் என்று கிழக்கே போகிறவருக்கு ஒரு ராத்திரி தங்கக் கச்சிதம். வடக்கே கானாடுகாத்தான், ஆத்தங்குடிக்குப் போய்வர நினைத்தால் ஒவ்வொரு நாளும் காரைக்குடியைக் கடந்து போக வேண்டும், அலைச்சல்தான் மிஞ்சும்.

## ஒரே பார்வையில்

| இடம் | இருட்டிய பின் | ஒற்றை ஆள் செலவு | ராத்திரிச் சாப்பாடு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| காரைக்குடி, புதிய பேருந்து நிலையம் | நடமாட்டம் உண்டு, சத்தமும் உண்டு | குறைவு | எளிது | நேரம் கெட்ட நேரத்தில் வருபவர், பஸ்ஸில் சுற்றுபவர் |
| காரைக்குடி, கல்லுக்கட்டி வட்டாரம் | கடைத்தெரு மூடும் வரை கலகலப்பு | குறைவு முதல் நடுத்தரம் | எளிது | முதல் முறை வருபவர், தனியாக வரும் பெண் |
| கானாடுகாத்தான் | அமைதி, வெறிச்சோடிய தெரு | அதிகம், வண்டியும் சேர்த்து | விடுதியில் மட்டும் | வீட்டுக்காகவே வருபவர், படம் எடுப்பவர், எழுதுபவர் |
| பிள்ளையார்பட்டி | நடை சாத்தியதும் ஓய்ந்துவிடும் | குறைவு | சைவம், சீக்கிரம் சாப்பிட வேண்டும் | விடியற்காலைத் தரிசனம் வேண்டுபவர் |
| தேவகோட்டை | சிற்றூர்க் கடைத்தெரு | குறைவு | கிடைக்கும் | கிழக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர் |

## வண்டி பேசும்போது

காரைக்குடியில் தங்கினாலும் ஒரு நாளாவது கார் தேவைப்படும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம், பிள்ளையார்பட்டி நான்கையும் பஸ்ஸில் ஒரே நாளில் முடிக்க முடியாது. வாடகை பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் என்பதை இரண்டு எண்ணாகவே கேளுங்கள். தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா சேர்ந்ததா தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' என்னும் பழைய நகரத்தார் வீட்டையும் கானாடுகாத்தான் தெருக்களையும் வைத்துக்கொண்டால் காத்திருப்பு மிச்சம். செலவைக் குறைக்க விரும்பினால் கானாடுகாத்தானுக்கு டவுன் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆத்தங்குடிக்கு மட்டும் ஆட்டோ போய்வரப் பேசலாம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும், போன பிறகு திரும்பும் ஆட்டோ அங்கே கிடைப்பது நிச்சயமில்லை.

தனியாகச் சுற்றும் பெண்கள், பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 இரண்டையும், தங்குமிடத்தின் எண்ணையும் கைபேசியில் சேமிப்பதோடு ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்வது எப்போதும் சாயங்காலம்தான்.

## இரண்டையும் பிரித்துக்கொள்ள நினைத்தால்

மூன்று ராத்திரி இருக்கிறவருக்கு, காரைக்குடியில் இரண்டும் கானாடுகாத்தானில் ஒன்றும் என்று பிரிப்பதுதான் நல்லது. பெரிய வீட்டின் வாடகையை ஒரு நாள் மட்டும் தாங்கினால் போதும்; அந்த ஒரு நாளின் காலையும் மாலையும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் வரிசை முக்கியம். முதல் ராத்திரி காரைக்குடி: பத்தரைக்கு இறங்கிப் பக்கத்திலேயே படுத்துவிடலாம். மறுநாள் காலை கல்லுக்கட்டி, முனீஸ்வரன் கோவில் வீதி. மதியச் சாப்பாட்டை நகரிலேயே முடித்துவிட்டு, வெயில் தாழும்போது கானாடுகாத்தான் போய்ச் சேருங்கள். அடுத்த நாள் விடியலில் தெரு, பிறகு ஆத்தங்குடிப் பட்டறை, அங்கிருந்து காரைக்குடிக்குத் திரும்பல். அன்று சாயங்காலம் கோயிலும் கடைத்தெருவும்.

கடைசி ராத்திரியைக் கானாடுகாத்தானுக்கு ஒதுக்கினால் விடியற்காலைப் பல்லவனுக்கு நாலு மணிக்கே கார் சொல்ல வேண்டும். காலைப் பலகாரமும் போகும், பார்க்க வந்த விடியலும் போகும். அந்த ராத்திரி காரைக்குடியிலேயே இருங்கள். ரயில் நிலையத்துக்கு ஆட்டோவை முந்தின நாளே பேசி, எண்ணை வாங்கி, படுக்கும் முன் ஒரு முறை கூப்பிட்டு "அண்ணே, காலைல நாலேகாலுக்கு வந்துருவீங்கள்ல?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.